'மச்சி', 'மாமே', 'பங்கு', 'ப்ரோ'... நண்பனை ஏன் சொந்தக்காரன் ஆக்குகிறோம்? வடசென்னை சொல்லும் கதை

உங்கள் நெருங்கிய நண்பர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, கடைசி 50 மெசேஜ்களை மட்டும் பாருங்கள். மச்சி, மச்சான், மாப்ள, மாமே, பங்கு, தல, ஜி, ப்ரோ என எத்தனை விளிகள்! 'நண்பா' ஒன்றிரண்டு இடங்களில் இருக்கலாம். அதுவும் பிறந்தநாள் வாழ்த்தாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கொஞ்சம் யோசித்தால் ஒரு விஷயம் புரியும். மேலே சொன்ன பட்டியலில் 'நண்பா' தவிர வேறு எந்தச் சொல்லுக்கும் நண்பன் என்று அர்த்தமே கிடையாது. மச்சான் என்பவர் அக்காவின் கணவர், மனைவியின் சகோதரர் அல்லது மாமன் மகன். மாப்ள என்றால் மாப்பிள்ளை. மாமே என்றால் மாமா. பங்கு என்பது பங்காளி. ப்ரோ என்பது பிரதர். பெரும்பாலும் உறவுமுறைப் பெயர்கள்.

ஒருவன் நமக்கு மிகவும் நெருக்கமாகிவிட்டால், உடனே அவனைச் சொந்தக்காரன் ஆக்கிவிடுகிறோம். அதிலும் குறிப்பாக, கல்யாணத்தால் வரும் சொந்தக்காரனாக. ஏன் அப்படி? இந்தச் சொற்கள் இன்றும் தெருவில் உரக்க ஒலிக்கும் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளை வைத்தே இதைப் பார்க்கலாம்.

முதலில், மச்சான் என்றால் யார்?

தமிழ் உறவுமுறையில் ஆண்களுக்கு ஒத்த வயதுக்காரர்கள் இரண்டே வகைதான். ஒருவன் அண்ணன் தம்பி முறை. சித்தப்பா மகன், பெரியப்பா மகன், சித்தி மகன், பெரியம்மா மகன் எல்லாரும் இதில் வந்துவிடுவார்கள். அவர்களின் சகோதரிகள் நமக்கும் சகோதரிகள்தான்.

இன்னொருவன் மச்சான் முறை. அத்தை மகனும் மாமன் மகனும் இதில் வருவார்கள். இவர்களின் சகோதரி நமக்கு 'முறைப்பெண்'. அதாவது, மச்சான் என்பவன் வேறு வீட்டுக்காரன். ஆனால், அவன் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இடையே பெண் கொடுக்கல் வாங்கல் இருக்கலாம். இது ஏதோ பாட்டி காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2019-21இல் எடுக்கப்பட்ட 5-ஆவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்துக்குள்ளேயே நடந்தவை. இந்திய மாநிலங்களில் இதுதான் அதிகம்.

'மச்சான்' என்ற சொல்லோடு நெருங்கிய உறவுடையவை மைத்துனன், மச்சுனன், மச்சினன் ஆகியவை. தன் திருமணத்தைக் கனவு காணும் ஆண்டாள், கண்ணனை மைத்துனன் என்றே குறிப்பிடுகிறார். மச்சானைச் சுருக்கி, கடைசியில் செல்லமாக ஓர் 'இ' சேர்த்தால் மச்சி. அவ்வளவுதான்.

பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், 1940-களின் கடைசியில் தமிழ்நாட்டுக்கு வந்து மதுரைப் பக்கம் தங்கி ஆய்வு செய்தார். திராவிட உறவுமுறைச் சொற்கள் வெறும் ரத்த சம்பந்தத்தைச் சொல்பவை அல்ல, திருமண உறவையே அடிப்படையாகக் கொண்டவை என்று 1953-ல் எழுதினார். இன்று கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஆனால், அப்பாவின் சகோதரர் மகனையும் அம்மாவின் சகோதரர் மகனையும் 'கசின்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடும் மொழிக்காரர்களுக்கு அது புதிய பார்வை.

கலாய்க்க லைசென்ஸ்

அண்ணனைக் கிண்டல் செய்ய முடியுமா? ஓரளவுக்குத்தான். அவனுக்கு வயதால் வந்த அதிகாரம் உண்டு. தம்பியை? அவனுக்குப் பொறுப்பு நாம். இரண்டிலுமே ஒருவர் மேலே, ஒருவர் கீழே.

மச்சான் அப்படியில்லை. எந்தக் கல்யாண வீட்டிலும் பாருங்கள். மாப்பிள்ளையை ஓட்டுபவர்கள் மச்சான்கள்தான். சாப்பாட்டுப் பந்தியில் வம்பிழுப்பதும், ரகசியத்தைப் போட்டு உடைப்பதும், கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்வதும் அவர்கள் வேலை.

பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை 'கேலி உறவு' என்று விளக்கினார். இரண்டு குடும்பங்கள் திருமணத்தால் இணையும்போது நெருக்கமும் வரும், உரசலும் வரும். அந்த உரசல் சண்டையாக மாறாமல் இருக்க, சிலருக்கு மட்டும் கேலி செய்யும் உரிமையை உலகின் பல சமூகங்கள் கொடுத்து வைத்திருக்கின்றன என்பது அவர் விளக்கம். கேலி செய்யப்படுபவர் கோபப்படக்கூடாது என்பதும் அந்த ஒப்பந்தத்தில் சேர்த்தி.

நெருங்கிய நட்புக்கு நாம் கொடுக்கும் வரையறையும் இதேதான் இல்லையா? திருக்குறளில் நட்பு பற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் இருக்கின்றன. அவற்றில் 'பழைமை' என்ற அதிகாரம் முழுக்கவே, நண்பன் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஏற்பதைப் பற்றியது. "டேய், உன் வண்டிய எடுத்துட்டுப் போய்ட்டேன் மச்சி, சாயங்காலம் தரேன்" என்று போனில் தகவல் மட்டும் சொல்பவனை வள்ளுவரும் அறிந்திருக்கிறார்.

இதே சொல்லை இந்தியில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். மனைவியின் சகோதரனுக்கு இந்தியில் 'சாலா'. அதே சொல் அங்கே வசைச் சொல்லும்கூட. வட இந்தியாவின் பெரும்பகுதியில் பெண் கொடுக்கும் வீடு ஒரு படி கீழே என்று பார்க்கப்படுவதால், ஒருவனை சாலா என்பது அவனை மட்டம் தட்டுவது போல. தமிழில் பெண் கொடுத்த வீடே அடுத்த தலைமுறையில் பெண் எடுக்கும் வீடாகவும் மாறலாம். அதனால் மச்சான் சமமானவன். பக்கத்து மலையாளத்திலும் இதே கதைதான். 'அளியா' என்றால் மைத்துனன். நண்பனும் 'அளியா'தான்.

அப்ப, பங்கு?

அண்ணன் தம்பி முறைக்காரனுக்கு இன்னொரு பெயர் பங்காளி. சொத்தில் பங்கு உள்ளவன் என்று பொருள். 'பங்காளிச் சண்டை' என்ற சொல் ஏன் வந்தது என்று விளக்கவே தேவையில்லை. ஒரே தாத்தா சொத்து, ஒரே வரப்பு, ஒரே கோர்ட் வாசல்.

ஆனாலும் இளைஞர்கள் மத்தியில் பங்காளி சுருங்கி 'பங்கு' ஆகி, நட்புச் சொல்லாகப் புழங்குகிறது. பிரிக்கச் சொத்து இல்லாத இடத்தில் பங்கு போடுவதற்கு டீயும் சமோசாவும்தானே இருக்கிறது! காசிமேட்டில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. மீன்பிடிப் படகு வேலையில் வருமானம் பெரும்பாலும் பங்கு முறையில்தான் பிரிகிறது. படகுக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. அங்கே பங்கு என்பது அன்றைய கூலி.

உலகெங்கும் நட்புச் சொற்கள் இப்படி எதையோ பகிர்வதில்தான் பிறக்கின்றன. ஆங்கில 'கம்பேனியன்' என்ற சொல்லின் வேர், ரொட்டியைப் பகிர்ந்து உண்பவர் என்பது. 'காம்ரேட்' ஒரே அறையில் தங்கியவர். ஆஸ்திரேலியர்கள் வாய்க்கு வாய் சொல்லும் 'மேட்' என்பதன் வேரும் சேர்ந்து உண்பவர்தான். தமிழ் இளைஞர்கள் ரொட்டிக்கும் ரூமுக்கும் பதிலாக ஒரு கல்யாண உறவைப் பகிர்கிறார்கள்.

துறைமுகத்தில் இறங்கிய சொற்கள்

தமிழ்நாடு முழுக்க மச்சான் உண்டு. ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரத்தில் இதற்குத் துணையாக வேறு மொழிச் சொற்களும் வரிசை கட்டி நிற்கின்றன. காரணம், அங்கே வந்து சேர்ந்த மனிதர்கள்.

1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது ராயபுரம் நிலையத்திலிருந்துதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் வந்தது. மூட்டை தூக்கவும், வண்டி இழுக்கவும், கப்பலில் சரக்கு ஏற்றவும் செங்கல்பட்டு, வடஆற்காடு, நெல்லூர் பக்கங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பின்னாளில் எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப், 1955-ல் அங்கேயே என்ஃபீல்ட் என்று ஆலைகள் வந்தன. 2001-ல் எண்ணூரில் இன்னொரு துறைமுகமும் வந்தது. அதுதான் இன்றைய காமராஜர் துறைமுகம்.

ராயபுரத்தின் சில தெருக்களை நடந்து பார்த்தாலே இந்தக் கலவை தெரியும். மீனவர்களின் தேவாலயம், பார்சிகளின் அக்னிக் கோயில். கொஞ்சம் தெற்கே போனால் மண்ணடி மசூதிகள், சௌகார்பேட்டை சேட்டுக் கடைகள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ கடைகள்.

ஊரில் ஒருவனைப் பார்த்ததும் அவன் யார் மகன், எந்தத் தெரு, என்ன முறை என்று தெரிந்துவிடும். துறைமுக கேட்டில் பக்கத்தில் நிற்பவனுக்கு என்ன முறை? தெரியாது. ஆனால் அவனோடு சேர்ந்து மூட்டையைப் பிடித்தாக வேண்டும். அவன் கை நழுவினால் கால் போகும். அவனை எப்படிக் கூப்பிடுவது? இந்தத் தேவைக்கு அந்தப் பகுதி கண்டுபிடித்த பதில்கள் பல.

நைனா: தெலுங்கில் அப்பாவை அழைக்கும் 'நாயனா'. மெட்ராஸ் பாஷையில் அப்பாவுக்கும் நைனா, தோளில் கைபோட்டு நிற்கும் கூட்டாளிக்கும் நைனா.

தோஸ்து: பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த 'தோஸ்த்'. இந்தப் பட்டியலில் நேரடியாக நண்பன் என்றே பொருள்படும் அரிய சொல். பேஜார், நாஷ்டா, கலீஜ் எல்லாம் இதே கப்பலில் வந்தவைதான்.

மாமே: மாமாவின் வடசென்னை வடிவம். முறைப்படி மாமா மரியாதைக்குரியவர். ஆனால் 'இன்னா மாமே' என்பதில் மரியாதை சுத்தமாகக் கிடையாது, பாசம் மட்டும்தான். 'மாம்ஸ்' இதன் காலேஜ் பதிப்பு.

வாத்யாரே: ஆசிரியர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. பாக்ஸிங், சிலம்பம் சொல்லிக்கொடுப்பவர் வாத்தியார். எம்.ஜி.ஆரும் ரசிகர்களுக்கு வாத்தியார். நண்பனை இப்படிக் கூப்பிட்டால், 'நீ விஷயம் தெரிந்தவன்' என்று பாராட்டு. 1970-களின் வடசென்னை பாக்ஸிங் உலகைக் காட்டிய 'சார்பட்டா பரம்பரை' (2021) வழியாக இந்தச் சொல் இளைஞர்களிடம் இன்னொரு சுற்று வந்தது.

அண்ணாத்த: அண்ணனும் வேண்டும், கொஞ்சம் கிண்டலும் வேண்டும் என்றால் இது.

தல: தலைவன் சுருங்கியது. 2001-ல் 'தீனா' படத்துக்குப் பிறகு அஜித்துக்கு அடைமொழியானது. பிறகு தோனிக்கும். இப்போது பைக் பார்க்கிங்கில் வழி கேட்பவருக்கும்!

திருவொற்றியூரின் பழைய நண்பர்கள்

நட்பு என்றால் கலாய்ப்பும் சேர்த்துத்தான் என்பதற்குத் திருவொற்றியூரிலேயே ஒரு பழங்கதை இருக்கிறது. தேவாரம் பாடிய சுந்தரருக்கு 'தம்பிரான் தோழர்' என்று பெயர். சிவபெருமானையே நண்பனாக நடத்தியவர்.

பெரியபுராணம் சொல்லும் கதை இது. ஏற்கெனவே மணமான சுந்தரர், திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பார்த்து மனம் பறிகொடுக்கிறார். நண்பனிடம் தூது கேட்கிறார். 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று கோயிலில் சத்தியம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வருகிறது. சுந்தரருக்குத் திரும்பிப் போகும் எண்ணமும் உண்டு. அதனால், சத்தியம் செய்யும் நேரத்தில் சந்நிதியை விட்டு மகிழ மரத்துக்குப் போய்விடும்படி சிவனிடம் கேட்டுக்கொள்கிறார். சிவனோ, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லி சங்கிலியாரிடம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்! மாட்டிக்கொண்ட சுந்தரர் சத்தியம் செய்கிறார். பிறகு அதை மீறி ஊரை விட்டுக் கிளம்பும்போது பார்வையை இழக்கிறார்.

இன்றும் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் மாசித் திருவிழாவின்போது 'மகிழடி சேவை' நடக்கிறது. உதவியும் செய்வான், சரியான நேரத்தில் காலையும் வாருவான். இன்றைய மொழியில் இதற்குப் பெயர் மச்சி.

இந்தக் கதையில் வரும் 'தோழர்' பல நூற்றாண்டுகள் கழித்து இதே பகுதிக்கு வேறு அர்த்தத்தோடு திரும்பி வந்தது. 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1930-களின் தொடக்கத்தில் சோவியத் பயணம் முடிந்து திரும்பிய பெரியார், ஸ்ரீ, திரு போன்றவற்றுக்குப் பதிலாக எல்லாரையும் 'தோழர்' என்று அழைக்கச் சொன்னார். வயது, சாதி, ஆண், பெண் எதுவும் ஒட்டாத ஒரு விளி அது. துறைமுகம் மற்றும் ஆலைத் தொழிற்சங்கங்களில் இன்றும் அதுதான் அழைப்பு. ஆனால் சங்கக் கூட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும் தோழர் மறுபடி மச்சான் ஆகிவிடுவார்.

பாஸ்போர்ட் எடுத்த மச்சான்

மச்சான் கடலும் தாண்டியிருக்கிறது. இலங்கையில் தமிழர்கள் மட்டுமல்ல, சிங்கள இளைஞர்களும் நண்பனை 'மச்சாங்' என்றுதான் அழைக்கிறார்கள். 2004-ல் இலங்கையின் தேசிய ஹேண்ட்பால் அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜெர்மனிக்குப் போனார்கள். அப்படி ஓர் அணியே இலங்கையில் கிடையாது. போட்டிகளில் படுதோல்வி அடைந்துவிட்டு, ஒருநாள் அத்தனை பேரும் காணாமல் போனார்கள். இந்த உண்மைச் சம்பவத்தை வைத்து உபெர்த்தோ பசோலினி 2008-ல் எடுத்த படத்தின் பெயரே 'மச்சான்'.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'மச்சா' என்று மலாய்க்காரர்களும் சீனர்களும் இந்திய நண்பர்களை அழைக்கிறார்கள். பெங்களூரு காலேஜ்களிலும் 'மச்சா' சகஜம். உறவுமுறை ஏற்றுமதியாகவில்லை. அதிலிருந்த நெருக்கம் மட்டும் ஏற்றுமதியானது.

பெண்களுக்கு ஏன் ஒரு மச்சி இல்லை?

கவனித்தீர்களா? இதுவரை பார்த்த பெரும்பாலான சொற்கள் ஆண்கள் ஆண்களை அழைப்பவை. பெண்கள் பக்கம் மச்சானுக்கு நிகரான உறவு நாத்தனார் அல்லது மதினி. எந்தப் பெண்ணாவது நெருங்கிய தோழியை 'நாத்தனாரே' என்று கூப்பிடுவாரா?

மாட்டார். மச்சான்கள் இருவரும் சமம். ஆனால் கல்யாணமாகி ஒரு வீட்டுக்குள் போகும் பெண்ணுக்கு நாத்தனார் சமம் இல்லை. அது அவர் பிறந்த வீடு, இவர் வாழ வந்தவர். அதிகாரம் கலந்த உறவில் கேலிக்கு இடம் குறைவு. அதனால்தான் பெண்களின் நட்பு, உறவுச் சொற்களைத் தேடாமல் 'டி' என்ற ஒற்றை எழுத்திலேயே நின்றது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பெண் 'மச்சான்' என்றால், வழக்கமாக அது முறை மாப்பிள்ளை அல்லது கணவர். நாட்டுப்புறப் பாடல்களிலும் சினிமாப் பாடல்களிலும் மச்சான் என்றால் காதலன்தான். நடிகை நமீதா ரசிகர்களை 'மச்சான்ஸ்' என்று அழைத்தபோது எழுந்த சிரிப்பும் விசிலும் இதனால்தான்.

இந்தத் தலைமுறைப் பெண்கள் இதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டார்கள். தோழியும் மச்சி, நண்பனும் மச்சி. ஆண் பெண் பார்க்காமல் 'டா'வும் போடுகிறார்கள். பெண்களுக்கு இல்லாத சமத்துவ உறவு ஒன்றை, ஆண்களிடமிருந்த சொல்லை எடுத்து உருவாக்கிக்கொண்டார்கள் என்றும் சொல்லலாம்.

ஆபீஸில் ஏன் 'ப்ரோ'?

எண்ணூரிலிருந்து ஓ.எம்.ஆர். ஐடி கம்பெனிக்குப் போகும் ஓர் இளைஞரின் நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் தெருமுனையில், "இன்னா மச்சி, எங்க கீற?" "தோ, வந்துகினே கீறேன்". ஒன்றரை மணி நேரம் கழித்து ஆபீஸ் லிஃப்ட்டில், "ஹாய் ப்ரோ, ஹவ் ஆர் யூ?"

ப்ரோ அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து உலகமெங்கும் பரவிய சொல். அங்கே அது, நிறவெறிக்கு நடுவே ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்த சகோதரச் சொல். இங்கே வரும்போது அந்தக் கனம் கழன்றுவிட்டது. ஸ்விகி டெலிவரி செய்பவரும் ப்ரோ, டீம் லீடும் ப்ரோ, பெயர் தெரியாதவரும் ப்ரோ. யாரையும் நோகடிக்காது, யாரையும் நெருங்கவும் விடாது. பாதுகாப்பான சொல்.

மச்சியை ஆபீஸ் வாசலிலேயே கழற்றி வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வடசென்னைப் பேச்சு என்றாலே சினிமா நீண்ட காலம் இரண்டு வேடங்களைத்தான் கொடுத்தது. ஒன்று காமெடியன், இன்னொன்று ரவுடி. 'சபாஷ் மீனா' (1958) படத்தில் ரிக்‌ஷாக்காரராக சந்திரபாபு பேசிய மெட்ராஸ் பாஷை தியேட்டரைச் சிரிக்க வைத்தது. பின்னாளில் அதே பேச்சு, கையில் கத்தி வைத்திருப்பவர்களின் வாய்க்குப் போனது. 'மெட்ராஸ்' (2014) மாதிரியான படங்கள், காலையில் வேலைக்குப் போய் மாலையில் கால்பந்து ஆடும் சாதாரண இளைஞர்களிடம் அந்தப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தன. இருந்தாலும் பழைய முத்திரை முழுதாக அழியவில்லை. இன்டர்வியூவில் 'இன்னா' வாய் தவறி வந்துவிடுமோ என்ற பயம் இன்னும் இருக்கிறது. இத்தனைக்கும் 'என்ன' எப்படியோ 'இன்னா'வும் அப்படியே ஒரு வட்டார வழக்கு. கொங்குத் தமிழ் 'ஏனுங்க' அழகு என்றால், இதுவும் அழகுதான்.

வாசலில் நிற்கும் மச்சான்

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. மச்சான் என்ற சொல்லுக்குள், 'உன் வீட்டில் நான் பெண் எடுக்கலாம், என் வீட்டில் நீ பெண் எடுக்கலாம்' என்ற அர்த்தம் இருக்கிறது. தெரியாதவனை மச்சான் என்று கூப்பிடுவது, பொருளளவில் பெரிய சமத்துவப் பிரகடனம்.

அதனால்தான் பல கிராமங்களில் இந்தச் சொல் சாதி எல்லையைத் தாண்டுவதில்லை. வயதில் மூத்த பட்டியல் சாதிக்காரரை ஆதிக்க சாதிச் சிறுவன் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஊர்கள் இருந்தன, இன்னும் இருக்கின்றன. அங்கே உறவுமுறை வைத்து அழைப்பதே ஓர் எல்லைக்கோடு. அதே தமிழ்நாட்டில்தான், தென்மாவட்டங்களின் பல ஊர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் தலைமுறைகளாக மாமன், மச்சான் என்று முறை வைத்து அழைத்துக்கொள்கிறார்கள். பந்தியில் ஒன்றாக உட்காருகிறார்கள். ஆனால் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதில்லை.

துறைமுகமும் ஆலையும் அந்த எல்லையில் ஓர் உடைப்பை உண்டாக்கின. ஒரே ஷிஃப்ட், ஒரே கேன்டீன், ஒரே கால்பந்து டீம். யார் என்ன சாதி என்று கேட்காமலேயே எல்லாரும் மச்சி ஆனார்கள். நகரம் கொடுத்த நல்ல விஷயங்களில் இது ஒன்று.

ஆனால் சொல் உடைத்த எல்லையை வாழ்க்கை உடைத்ததா? 2024 பிப்ரவரியில் சென்னை பள்ளிக்கரணையில், சாதி மறுத்துக் காதல் திருமணம் செய்த பட்டியல் சாதி இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் மனைவியின் சகோதரரும் ஒருவர். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கொல்லப்பட்டவர் சென்னையில் வேலை பார்த்த ஐடி ஊழியர். போலீஸில் சரணடைந்தவர், அவர் பழகிவந்த பெண்ணின் தம்பி. முறைப்படி பார்த்தால், இரண்டு இளைஞர்களும் யாரை 'மச்சான்' என்று அழைத்திருக்க வேண்டுமோ, அவர்கள் மீதே குற்றச்சாட்டு.

ஆயிரம் பேரை நாம் மச்சான் என்கிறோம். அவர்களில் ஒருவன் நிஜமாகவே மச்சானாக வாசலில் வந்து நின்றால் என்ன செய்வோம் என்பதில்தான் இந்தச் சொல்லின் மதிப்பு இருக்கிறது.

இப்போது வந்தவர்களுக்கு என்ன பெயர்?

எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும், சுற்றியுள்ள குடோன்களையும், கட்டுமான வேலைகளையும் இன்று தாங்குபவர்களில் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களும் கணிசம். ஒரு காலத்தில் நெல்லூரிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வந்தவர்கள் நின்ற அதே இடம்.

அவர்களுக்கு இங்கே கிடைத்திருக்கும் பெயர் 'பையா'. இந்தியில் அதற்கு அண்ணன் என்று பொருள். தமிழ் வாயில் அது பெரும்பாலும் 'வடநாட்டுக் கூலி' என்ற அர்த்தத்தில்தான் வருகிறது. சில நேரம் அதைவிட மோசமாக, 'வடக்கன்'.

தெலுங்கு நாயனாவை நைனா ஆக்கி, உருது தோஸ்தைத் தோஸ்து ஆக்கி, முறை தெரியாதவனை மச்சான் ஆக்கிய பகுதி இது. சேர்ந்து பாரம் தூக்கியவனை வெளியாளாகவே விட்டுவைக்க அந்தப் பேச்சுக்குத் தெரிந்ததில்லை. சில ஒர்க்‌ஷாப்புகளிலும் டீக்கடைகளிலும், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசப் பழகிய புதியவர்கள் முதலில் பிடித்துக்கொள்ளும் சொற்களில் மச்சியும் உண்டு. அவர்கள் நம்மை அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். திருப்பிக் கூப்பிட வேண்டியது நாம்தான்.